மிதிக்க வரைந்த பாதங்கள்

அணைத் தண்ணீருக்கு நடுவில் ஒரு மேட்டுத் திட்டு. அதன் மேல் எங்கள் மடம். மடத்தை நடத்துகிறவர் பாவாயி அம்மா. வயது நாற்பதுக்கு மேல் அதிகம் இருக்காது. அவருக்கு முன்னால் பெரிய சாமி இருந்தார். அவர் காலமான பிறகு மடத்துச் சாவியும், கேள்வி கேட்க வருகிறவர்களும் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி கேட்பதில் அர்த்தநாரியை அடிக்க ஆள் கிடையாது. அறுபதை நெருங்கியவர். திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அதை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு மடத்தோடு தங்கிவிட்டார். அவர் பட்டறையிலிருந்து போன லாரி எந்த செக்போஸ்டில் நின்றாலும், அதில் அவர் வரைந்த மயிலையும் கிளியையும் பார்க்க ஆட்கள் கூடிவிடுவார்களாம். எங்களிடம் இதைச் சொன்னவர் அவரேதான்.

அவர் அம்மாவை 'அம்மா' என்பார். அம்மா அவரைப் 'பட்டறைக்காரரே' என்பார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

மடத்துக்கு வர வேண்டுமென்றால் படகுதான். ஆனால் எங்கள் கரையில் படகுத்துறை இல்லை. கட்டினாலும் பயனில்லை. ஆடியில் தண்ணீர் ஏறினால் ரோட்டைத் தொடும். பங்குனியில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதனால் படகை ஒரு டிரெய்லரின் மேல் வைத்திருப்போம். சனங்கள் தரையில் நின்று, டிரெய்லர் மேல் கால் வைத்து, படகுக்குள் ஏறி உட்கார வேண்டும். பிறகு மடத்து ஆள் வெள்ளிங்கிரி டிராக்டரைப் பின்னால் எடுத்து டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவான். படகு தானாக மிதந்து எழும்பும்.

ஏறுவதுதான் கஷ்டம். டிரெய்லரின் பக்கவாட்டுக் கம்பியில் ஒரு கால், சக்கரத்தின் மட்கார்டில் அடுத்த கால். கம்பி எப்போதும் ஈரம். மட்கார்டு வளைந்திருக்கும், அதில் பாசி படிந்திருக்கும். மூன்றாவது காலுக்கு சாமிதான் துணை.

ஒரு பௌர்ணமிக்கு சாமி கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டார். நாச்சக்கா விழுந்துவிட்டார்.

நாச்சாயி என்பது பெயர். ஊரே நாச்சக்கா என்று கூப்பிடும். தனி ஆள். எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். பௌர்ணமிதோறும் ஒரு வாளித் தயிரோடு மடத்துக்கு வந்துவிடுவார். அன்றைக்கு மட்கார்டில் கால் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது. தயிர் முழுவதும் டிரெய்லர் மேல்.

மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்து கரையில் நின்று வெள்ளிங்கிரியிடம் சொல்லியிருக்கிறார்: "மாசம் பூரா நான் எருமைக்கு வேலைக்காரி. இந்த ஒரு நாள்தான் எனக்கு ஒருத்தர் இலை போட்டு, இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்கன்னு சொல்றாங்க. அதும் போச்சா இனி?"

வெள்ளிங்கிரி அதை மடத்தில் வந்து சொன்னான். நான் சமையல்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் நாச்சக்காவுக்குச் சோறு போடுகிறவன் நான்தான்.

அன்று சாயங்காலம் அர்த்தநாரி ஒரு கேள்வியோடு வந்தார்.

"அம்மா, சேவை செய்யோணும்னு எறங்கறேனுங்க. செய்யறப்போ 'நான் செய்யறேன்'னு ஒண்ணு உள்ளுக்குள்ள எந்திரிச்சு நின்னுக்குது. அத எப்படிங்க உக்கார வெக்கறது?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டிரெய்லர் வழுக்குதுங்க பட்டறைக்காரரே. நாச்சக்கா கை ஒடிஞ்சு கெடக்கறாங்க. மொதல்ல அதப் பாருங்க."

"அதென்னங்க பெரிய வேலை? அடுத்த பௌர்ணமிக்கு அக்கா கண்ண மூடிட்டு ஏறலாம். நான் கேட்டதுக்குத்தான்..."

"மொதல்ல அதப் பாருங்க."

அர்த்தநாரி மறுநாளே கரைக்குப் போய்விட்டார். வேலை என்று வந்துவிட்டால் அவர் ஆளே வேறு. மகனிடம் சொல்லி வெல்டிங் மெஷினை வரவழைத்தார். இரண்டு கால் தாராளமாக வைக்கும் அகலத்துக்கு ஒரு கனத்த தகட்டை வெட்டி, சக்கரத்துக்கு முன்னால் கம்பியோடு சேர்த்துப் படியாகப் பற்றவைத்தார். அதன் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் சலித்த ஆற்றுமணலைத் தூவி, அதற்கு மேல் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் படி எள்ளு மிட்டாய் போலச் சொரசொரப்பாக இருந்தது. வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் ஒற்றைக் காலில் நின்று காட்டினார். அசையவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருந்தது.

எங்கே கால் வைப்பது என்று சனங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்தப் படியில் ஒரு ஜோடிப் பாதம் வரைந்தார். தன் பாதத்தையே படியில் வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. விரல் விரலாக, நகம் நகமாக வரைந்தார். சுற்றிலும் கொடியும் இலையுமாக ஒரு பார்டர். குதிகாலுக்குக் கீழே ஒரு பூ. நானும் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது.

"எப்படீங்க?" என்று கேட்டார்.

"மிதிக்க மனசு வராதுங்க," என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவரும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பௌர்ணமி அன்று கரையில் நடந்ததை வெள்ளிங்கிரிதான் எனக்குச் சொன்னான். காலையில் அர்த்தநாரி படிக்குப் பூசை போட்டார். புது லாரி வெளியே போகும்போது செய்வதெல்லாம் செய்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் கற்பூரம். கைப்பழக்கத்தில் இரண்டு கட்டை விரலுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

முதலில் வந்தது கோபிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் கூட்டம். முன்னால் வந்த அம்மாள் படிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"அடடா! பெரிய சாமியோட பாதமுங்களா?"

அர்த்தநாரி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலையில் இருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி அதன் மேல் வைத்தார். பிறகு படியைத் தாண்டிப் போய், பாசி பிடித்த மட்கார்டில் கால் வைத்து ஏறினார். அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் அப்படியே.

"மிதிச்சு ஏறுங்க! அது படிதானுங்க!" என்று அர்த்தநாரி சொன்னார்.

"நல்லாச் சொன்னீங்க போங்க," என்றார் ஒருவர். "சாமி பாதத்த மிதிச்சுட்டு நான் எந்த ஊர்ல போய்ப் பொழைக்கறது?"

டிரெய்லர் தண்ணீருக்குள் போய் வரும்போதெல்லாம் பூவும் பொட்டும் கழுவிப் போகும், அடுத்த கூட்டம் மறுபடி வைக்கும். உச்சிப்பொழுதுக்குள் படி தெரியாத அளவுக்குப் பூ சேர்ந்துவிட்டது. யாரோ தேங்காய் உடைத்து, ஒரு மூடியை ஓரத்தில் வைத்துவிட்டும் போயிருந்தார்கள்.

அப்போதுதான் நாச்சக்கா வந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் தயிர் வாளி. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். 'உங்களுக்காகவே படி போட்டிருக்கேன் அக்கா' என்று அர்த்தநாரி முந்தின நாள் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருந்தார்.

"இதாங்களா?"

"இதேதானுங்க அக்கா. கால வைங்க."

நாச்சக்கா பூவையும் பொட்டையும் பார்த்தார். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"பெரிய சாமி பாதத்துல என்ற எருமைச் சாணிக் கால வெக்கறதா? ஏழு சென்மத்துக்கும் பாவமுங்க."

"அக்கா, அது வந்து..."

அதற்குள் அவர் படியைச் சுற்றிக்கொண்டு மட்கார்டில் கால் வைத்துவிட்டார். போன மாதம் வைத்த அதே இடம். அதே மாதிரி வழுக்கியது. இந்த முறை வெள்ளிங்கிரி பக்கத்திலேயே நின்றதால் தாங்கிப் பிடித்துவிட்டான். ஆனால் பிடித்தது மாவுக்கட்டுக் கையை. நாச்சக்கா போட்ட சத்தம் திட்டு வரைக்கும் கேட்டது. தயிர் இந்த முறையும் தரைக்கே போயிற்று.

வலி கொஞ்சம் அடங்கியதும் அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான் போலிருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அர்த்தநாரி கடைசிப் படகில் மடத்துக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. பந்தி முடிந்து, அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சனங்களுக்குச் சுத்தமா அறிவே இல்லீங்க அம்மா."

"அப்படீங்களா?"

"மிதிக்கறதுக்குன்னு ஒண்ணு பண்ணி வெச்சா, கும்புட்டுட்டுப் போறாங்க. வழுக்கற எடத்துலயே போய்க் கால வெக்கறாங்க. தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டேன். நாளைக்கு 'இங்கே மிதிக்கவும்'னு பெருசா ஒரு போர்டு எழுதி வெக்கப் போறேன்."

"எழுதுங்க."

"எழுதுனாலும் மிதிக்க மாட்டாங்க."

அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

"நீங்க எதுல கால வெச்சு ஏறி வந்தீங்க?"

"எப்பவும் போல மட்கார்டுலதா..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. சொம்பைக் கீழே வைத்தார்.

"பூ வெச்சிருந்தாங்க அம்மா," என்றார்.

"சரிங்க."

"சந்தனம் இருந்துச்சு."

"வெச்சது யாருங்க?"

"நான்தான்."

"யாரோட பாதமுங்க அது?"

அர்த்தநாரி தன் காலை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். நான் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"எனக்குத் தெரியோணும்னு கேக்கலீங்க," என்று அம்மா எழுந்தார். "ரசம் ஆறுது. சாப்பிடுங்க."

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. மனுஷன் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. நாச்சக்கா விழக் கூடாது என்றுதான் அவ்வளவு மணலைச் சலித்தார். நடுவில் கை கொஞ்சம் அளவு மீறிவிட்டது.

மறுநாள் காலையில் அம்மா கரைக்குக் கிளம்பினார். அர்த்தநாரியும் கூடப் போனார். காய்கறி வாங்க நானும் போனேன்.

டிரெய்லர் கரையில் வெயிலில் நின்றது. மடத்திலிருந்து திரும்பிய சனங்கள் வைத்துவிட்டுப் போன பூக்கள் வாடிக் கிடந்தன. அர்த்தநாரி அவசரமாகப் போய் அவற்றைத் தள்ளிவிட்டார். கீழே பாதங்கள் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தன.

அம்மா நேராகத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். களிமண் சேறு கணுக்கால் வரை இருக்கும் இடத்தில் நின்று நன்றாக மிதித்தார். அப்படியே நடந்து வந்தார். படியில் ஏறி நின்றார். கோணிச் சாக்கில் காலைத் தேய்ப்பது போல, முதலில் வலது காலை, பிறகு இடது காலை, அந்தப் பாதங்களின் மேல் அழுத்தித் தேய்த்தார். விரல் இடுக்கில் இருந்த சேற்றைக்கூட விடவில்லை.

பிறகு கீழே இறங்கினார்.

படியில் பாதமும் இல்லை, பூவும் இல்லை, பார்டரும் இல்லை. சேறுதான் இருந்தது.

அர்த்தநாரியின் கை தோள் துண்டை எடுத்துவிட்டது. குனிந்து துடைக்கப் போய், அம்மா பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றார்.

"தொடைங்க," என்றார் அம்மா.

"வேண்டாமுங்க."

"கை அரிக்குதில்லீங்களா? தொடைங்க."

துடைத்தார். முதலில் மேலாகத் துடைத்தார். பிறகு துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு நகமாகத் துடைத்தார். பிள்ளைக்கு முகம் கழுவுவது போல அவ்வளவு பதமாகச் செய்தார். பாதங்கள் மறுபடி மஞ்சளாக வந்தன.

"இப்ப நாச்சக்கா வந்தா இதுல கால வெப்பாங்களா?" என்று கேட்டார் அம்மா.

அவர் படியைப் பார்த்தார். கையில் இருந்த ஈரத் துண்டைப் பார்த்தார்.

"வெக்க மாட்டாங்க."

"நீங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அம்மா படகுக்காகக் காத்திருந்து மடத்துக்குத் திரும்பிவிட்டார். நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது கிரைண்டர் மெஷின் சத்தம் கேட்டது. அர்த்தநாரி படியின் மேல் உட்கார்ந்து, பாதங்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பெயிண்டோடு மணலும் பறந்தது. அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தூசிக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

வெறும் இரும்புத் தகடுதான் மிஞ்சியது. அது மட்கார்டைவிட மோசமாக வழுக்கியது.

"மறுபடி மணல் போட்டு அடிச்சற வேண்டியதுதானுங்களே? படம் இல்லாம," என்று வெள்ளிங்கிரி கேட்டான்.

"அடிக்கலாம்," என்றார். "அடிச்சா, சுத்தி ஒரு கோடு போடச் சொல்லும். கோடு போட்டா, மூலைக்கு ஒரு பூக் கேக்கும். என்ற கைய எனக்குத் தெரியாதா?"

அந்த வாரம் அவர் மடத்து மாட்டுக் கொட்டகைக்கு வந்தார். மாடு வழுக்கி விழாமல் இருக்கத் தரையில் போடும் கறுப்பு ரப்பர் பாய் ஒன்று, ஓரம் கிழிந்து வெளியே கிடந்தது. மேலே குமிழ் குமிழாக இருக்கும். சாணி வாடை எத்தனை கழுவினாலும் போகாது. அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார்.

தன் கால் உயரத்துக்கு வைத்த படியை அறுத்து எடுத்தார். நாச்சக்காவுக்கு முட்டி வலி உண்டு என்று இப்போதுதான் நினைவு வந்ததாம். படியை நன்றாகத் தாழ்த்திப் பற்றவைத்தார். அதற்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் இன்னொரு தகட்டைப் பற்றவைத்தார். இரண்டுக்கும் பாயை வெட்டிப் போட்டு, காலில் குத்தாதபடி தலை உள்ளே அமுங்கும் போல்ட்டாகப் பார்த்து முடுக்கினார். தண்ணீர் தேங்காமல் இருக்கத் துளை போட்டார். பிறகு தண்ணீரில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு, ஒரு கையை மடக்கி நெஞ்சோடு வைத்து, மறு கையில் தண்ணீர் நிரம்பிய வாளியோடு ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். வெள்ளிங்கிரி பார்த்துச் சிரித்தான். அவர் சட்டை செய்யவில்லை. முட்டி மடங்காதவர் போலக் காலை விறைப்பாக வைத்துக்கொண்டும் ஏறிப் பார்த்தார்.

பூசை போடவில்லை. எலுமிச்சம்பழம்கூட வைக்கவில்லை.

அடுத்து வந்த சனங்கள் அந்தப் படியில் மிதித்து ஏறினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் கீழே பார்க்கவில்லை. பேசிக்கொண்டே ஏறினார்கள். ஒரு மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏறினார். வெள்ளிங்கிரி மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை அதில் தட்டிவிட்டுப் போனான். மத்தியான வேளையில் ஒரு நாய் வந்து அதன் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

அர்த்தநாரி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் அவர் படியையே பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அவர் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. நாள் போகப் போக அவர் படியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஏறும்போது யாருக்கும் பயம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே சிரிப்பு வந்துவிடும். சாயங்காலம் மடத்துக்கு வந்தால் கேள்வி ஒன்றும் கேட்காமல் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரு நாள் நானே கேட்டேன்: "அம்மாகிட்ட இன்னிக்குக் கேள்வி ஒண்ணும் இல்லீங்களா?"

"பசிக்குதப்பா. மொதல்ல சோத்தப் போடு," என்றார்.

ஆனால் நாச்சக்கா வரவில்லை. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். வெள்ளிங்கிரி பால் வாங்கப் போனபோதெல்லாம் புதுப்படி போட்டிருக்கிறது, ஒருமுறை வந்து பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தான். 'ரெண்டு தடவை பட்டது போதும்' என்று சொல்லிவிட்டாராம். எருமைகளுக்கு மத்தியில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிறார் என்றான். அர்த்தநாரி எழுந்து வெளியே போய்விட்டார்.

பௌர்ணமி வந்தது. அன்று காலையில் பந்திக்கான வேலையை எங்களிடம் விட்டுவிட்டு, அம்மாவே கரைக்குப் போனார். சாமான் எடுக்க நானும் போனேன். அம்மா நாச்சக்கா வீட்டு வரைக்கும் நடந்து போய், என்ன பேசினாரோ, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். நாச்சக்கா கையில் தயிர் வாளி இருந்தது. முகத்தில் பயமும் இருந்தது.

அம்மா முதலில் ஏறிப் படகில் உட்கார்ந்துகொண்டார். நாச்சக்கா டிரெய்லர் பக்கத்தில் வந்து, அந்த வழுக்குகிற மட்கார்டை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். அர்த்தநாரி பக்கத்திலேயே நின்றார். 'இதில் வைங்க, அதில் வைங்க' என்று ஒன்றும் சொல்லவில்லை. வாளியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நாச்சக்கா கொடுக்கவில்லை.

படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாச்சக்கா கால் எடுத்து வைத்தார். கால் தானாகப் போய்த் தாழ்ந்த படியில் உட்கார்ந்தது. அடுத்த காலும் வந்தது. ஈரக் கால்தான். துளிகூட நகரவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, அவர் கீழே பார்த்தார்.

"ஏனுங், எதுக்குங்க மாட்டுப் பாயக் கொண்டாந்து இங்க போட்டு வெச்சிருக்கீங்க?"

அர்த்தநாரி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அதிருக்கட்டும். எனக்காவ என்னமோ புதுசாப் படி ஒண்ணு போட்டிருக்கீங்கன்னு வெள்ளிங்கிரி சொன்னானே. எங்கீங்க அது? காட்டுங்க. எனக்காவ ஒருத்தர் பாடுபட்டிருக்கறாங்க. தொட்டுக் கண்ணுல ஒத்திட்டுத்தான் ஏறுவேன்."

அர்த்தநாரியின் வாய் திறந்தது. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் திறக்கும். இரண்டு மாதமாக ஒரு மனுஷன் காத்திருந்த வார்த்தை அது.

ஆனால் சொன்னால் நாச்சக்கா காலை எடுத்துவிடுவார். எடுத்தால், வைப்பதற்குப் பக்கத்தில் மட்கார்டுதான் இருக்கிறது.

அவர் வாயை மூடிக்கொண்டார். மெல்லக் கை நீட்டி, தயிர் வாளியை வாங்கிக்கொண்டார். இந்த முறை நாச்சக்கா கொடுத்துவிட்டார். அவர் கண்கள் இன்னும் படியைத் தேடிக்கொண்டிருந்தன.

"என்னங்க இவரு, வாயத் தொறக்க மாட்டேங்கறாரு," என்று படகுக்குள் இருந்த அம்மாவிடம் முறையிட்டார். "சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்கீங்க அது?"

அம்மா கை நீட்டினார்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா. ஏறுங்க."